பசையரிசி என்னும் சொல்லும் தேங்காய் அரிசிமாவு வெதுப்பினிப்பும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் கலந்து ஓவனில் வேகவைக்கப்படும் இழுவைத்தன்மை கொண்ட இனிப்பு, கீழையாசிய அரிசிப் பண்பாட்டில் வேர் கொண்டது. இதனைத் தமிழ்நாட்டுப் பச்சரிசி மாவில் செய்யும்போது இழுவை கிட்டுவதில்லை. இத்தோல்விக்கு அடுப்போ கைப்பக்குவமோ முதன்மைக் காரணம் அன்று; அரிசியை வகைப்படுத்தும் சொல்முறையில் உள்ள வேறுபாடே காரணம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழரிசிப் பெயர்களின் பகுப்புமுறை, மாப்பொருளின் இயல்பு, தொதல், பொடா பிட்டா ஆகிய இனிப்புகளின் ஒப்பீடு ஆகியவற்றின்வழிச் செய்முறை ஒன்றும் முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பசையரிசி, பச்சரிசி, இழுவை, குழைவு, தொதல், பொடா பிட்டா, வெதுப்புதல், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

பலர் கூடும் விருந்துக்கு ஒரே தட்டில் செய்து, ஆறவைத்து, துண்டுகளாக்கிப் பகிரத்தக்க இனிப்புகள் தமிழர் சமையலில் குறைவு. அதிரசம், கொழுக்கட்டை, பணியாரம் ஆகியவை ஒவ்வொன்றாகச் செய்யப்படுவன. ஹவாய்த் தீவுகளில் ‘பட்டர் மொச்சி’ என வழங்கும் இனிப்பு இதற்கு நேர்மாறானது. மொச்சி அரிசிமாவு, தேங்காய்ப்பால், வெண்ணெய், சர்க்கரை, முட்டை ஆகியவற்றைக் கரைத்துத் தட்டில் ஊற்றி ஒரு மணிநேரம் ஓவனில் வைத்தால் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு இனிப்பு ஆயத்தமாகும். மேற்புறம் பொன்னிறமாக முறுகியும் உட்புறம் மென்று இழுக்கும்படியும் அமைவது இதன் சிறப்பு.

இவ்வினிப்பு தோன்றிய சூழல் நோக்கத்தக்கது. ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு ஜப்பானியத் தொழிலாளர் முதன்முதலாக 1868இல் சென்றனர். 1885 முதல் ஒப்பந்த முறையில் பெருந்தொகையினராகச் சென்றனர். கொரியர் 1903இலும் பிலிப்பைன்ஸ் நாட்டினர் 1906இலும் அங்குச் சென்றனர். ஜப்பானியரின் மொச்சி அரிசியும் பிலிப்பைன்ஸ் மக்களின் தேங்காய்ப்பால் அப்பமும் வெண்ணெயும் ஒரு தட்டில் கலந்தமைக்குத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளே களம் எனலாம். எவர் முதலில் செய்தார் என்னும் வினாவுக்கு இத்தகைய உணவுகளில் விடை தேடுவது பயனற்றது.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியும் இன்று அத்தகையதொரு களம். இராமானுசர் பிறந்த ஊர் என அறியப்பட்டதும் ஏரிப்பாசன நெல்வயல்கள் சூழ்ந்ததுமான இந்நிலப்பரப்பு, ஹூண்டாய் நிறுவனத்தின் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் 1998இல் உற்பத்தி தொடங்கியதிலிருந்து வேறொரு முகம் கொண்டது. சுங்குவார்சத்திரத்தை ஒட்டி 2007இல் சாம்சங், ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர் ஆகியவற்றின் ஆலைகள் அமைந்தன. கொரிய, ஜப்பானியப் பொறியாளர்களும் ஒடிசா, அசாம், பீகார், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் உள்ளூர்த் தமிழரும் அரிசி உண்போர் என்னும் ஒரு பொதுமையால் இணைகின்றனர். ஆனால் ‘அரிசி’ என்று அவர்கள் ஒவ்வொருவரும் கருதும் பொருள் ஒன்றன்று. இந்த இனிப்பைச் செய்யப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் இதுவே.

அரிசியைப் பகுக்கும் இருவேறு முறைகள்

தமிழில் அரிசியின் முதன்மைப் பகுப்பு பச்சரிசி, புழுங்கலரிசி என்பதாகும். இது நெல்லின் இயல்பைக் குறிக்கும் பகுப்பன்று. நெல் அறுவடையான பின்னர் மனிதர் செய்த வினையைக் குறிக்கும் பகுப்பு. நெல்லை அவித்து உலர்த்திக் குற்றினால் புழுங்கல்; அவிக்காமல் குற்றினால் பச்சை. ஒரே வயலின் ஒரே நெல் இரண்டாகவும் ஆகலாம். இதற்கு அடுத்த நிலையில் பருவம் (குறுவை, சம்பா, நவரை), நிறம், பழமை (புத்தரிசி, பழைய அரிசி), பயன்பாடு (இட்லியரிசி, சாப்பாட்டரிசி) ஆகியன பெயரிடும் அடிப்படைகளாகின்றன. ஒட்டுந்தன்மையை முதன்மையாகக் கொண்ட பகுப்பு இவற்றுள் இல்லை.

கொரிய மொழியில் நிலை வேறு. அங்கு ‘மெப்சல்’ என்பது ஒட்டாத அரிசி. ‘சப்சல்’ என்பது ஒட்டும் அரிசி. ஜப்பானிய மொழியில் இவை முறையே ‘உருச்சி’, ‘மொச்சி’ எனப்படும். இவற்றின் மாவுகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. கடையில் ஒன்றைக் கேட்டு மற்றொன்றைப் பெற இயலாது. தாய்லாந்திலும் சீனத்திலும் இப்பகுப்பு அன்றாட வழக்கில் உள்ளது. இந்திய எல்லைக்குள்ளேயே அசாமியர் ‘போரா’ என ஒட்டும் அரிசியைப் பிரித்தறிவர். மணிப்பூரின் ‘சக்காவ்’ என்னும் கருநிற ஒட்டரிசி 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒடியா மொழியோ தமிழை ஒத்தது. ‘அருவா’ என்பது பச்சரிசி, ‘உசுனா’ என்பது புழுங்கலரிசி.

எனவே இத்தொழில் வழித்தடத்தில் இரு வகைப்பாட்டு மரபுகள் அருகருகே வாழ்கின்றன: தமிழும் ஒடியாவும் வினைவழிப் பகுப்பன, கொரியமும் ஜப்பானியமும் அசாமியமும் இயல்புவழிப் பகுப்பன. கொரியச் சமையற்குறிப்பில் ‘சப்சல் மாவு’ என உள்ளதைத் தமிழாக்குவோர் ‘அரிசிமாவு’ என்றோ ‘பச்சரிசி மாவு’ என்றோ எழுதும்போது, மொழியளவில் பிழை புலப்படாது. தட்டை ஓவனிலிருந்து எடுத்து ஆறவைத்துக் கத்தியை வைக்கும்போதுதான் பிழை வெளிப்படும். துண்டு உதிரும், மறுநாள் செங்கல்போல் இறுகும்.

இதன் மறுதலையும் உண்மை. கொரியரின் அறுவடைத் திருநாளாகிய ‘சூசொக்’ நாளில் செய்யப்படும் ‘சொங்ப்யொன்’, எள்ளும் இனிப்பும் உள்ளடக்கிப் பிறைவடிவில் பிடித்து அவிக்கப்படுவது; நம் கொழுக்கட்டைக்கு மிக நெருங்கிய உறவு எனத் தோன்றுவது. அது ஒட்டாத மெப்சல் மாவில் செய்யப்படுவதே மரபு. அதற்குப் பச்சரிசி மாவு பெரிதும் பொருந்தும். ஆகவே ‘கொரிய இனிப்புகள் அனைத்தும் ஒட்டரிசியால் ஆனவை’ என்னும் பொதுமையாக்கமும் தவறு.

குழைவும் இழுவையும்

சொற்பகுப்பில் ஒட்டுந்தன்மை இடம்பெறாமைக்கு மதிப்பீட்டுக் காரணமும் உண்டு. சோறு ‘பூப்போல’, ‘உதிரி உதிரியாக’ அமைந்தது என்பது பாராட்டு. ‘குழைந்துவிட்டது’ என்பது குறை. பொங்கலில் மட்டும் குழைவு விரும்பப்படுகிறது. அதனாலேயே அதற்குப் புத்தரிசி தேடப்படுகிறது. ஆனால் குழைவு வேறு, இழுவை வேறு. குழைந்த பொருள் தன் வடிவை இழந்து மென்மையாகிறது. இழுவையுள்ள பொருள் வடிவைக் காத்துக்கொண்டே நீண்டு, பல்லுக்கு ஈடுகொடுக்கிறது. முன்னதற்குத் தமிழில் நல்ல சொல் உண்டு. பின்னதற்குப் ‘பிசின்போல’, ‘ஜவ்வுபோல’ என உவமை வழியாகவே பேசுகிறோம். அவ்வுவமைகளும் பெரும்பாலும் இகழ்ச்சிக் குறிப்புடையன. ஜவ்வுமிட்டாய் ஒன்றே இதற்கு இனிய விலக்கு. ஜப்பானியத்தின் ‘மொச்சிமொச்சி’யும் கொரியத்தின் ‘ஜொல்கித்’தும் இதே தன்மையைப் புகழும் சொற்கள். இக்கட்டுரை ‘இழுவை’ என்பதனைப் புகழ்நோக்கிலேயே ஆள்கிறது.

இழுவையின் வேதியியல் சுருக்கமானது. அரிசியின் மாப்பொருள் அமைலோஸ், அமைலோபெக்டின் என்னும் இரு கூறுகளால் ஆனது. அமைலோஸ் பெரும்பாலும் நேர்ச்சங்கிலி. அமைலோபெக்டின் பல கிளைகள் கொண்டது. ஒட்டும் அரிசியில் அமைலோஸ் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. தமிழ்நாட்டில் நாம் அன்றாடம் உண்ணும் அரிசிகள் பெரும்பாலும் 20 விழுக்காடும் அதற்கு மேலும் கொண்டவை. நெற்பயிரின் ஆறாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவே அமைலோஸ் உருவாக்கத்தை ஆள்கிறது. அது செயலிழந்த நெல்லே ஒட்டும் அரிசியைத் தருகிறது. உழவர்கள் அம்மாற்றத்தைக் குறையாகக் கருதி ஒதுக்காமல் விரும்பிப் பேணியதன் விளைவே தென்கிழக்காசியாவின் ஒட்டரிசிப் பண்பாடு.

மாவும் நீரும் சூடேறும்போது மாப்பொருள் மணிகள் நீரை உறிஞ்சி உப்பிப் பசையாகின்றன. ஆறும்போது நிகழ்வதே முதன்மையானது. அமைலோஸின் நேர்ச்சங்கிலிகள் சில மணிநேரத்துக்குள் ஒன்றையொன்று பற்றி அடுக்காகி இறுகுகின்றன. இதனால் பச்சரிசிப் பண்டம் விறைத்து, அழுத்தினால் உடைகிறது. கிளைத்த அமைலோபெக்டின் அவ்வாறு விரைந்து அடுக்காவதில்லை. அது இறுக நாள்கணக்காகும். அதுவரை இழுவை நிற்கும். புழுங்கலரிசியில் மாப்பொருள் நெல்லுக்குள்ளேயே ஒருமுறை வெந்து இறுகிவிடுவதால், அதன் மாவு இவ்வினிப்புக்குப் பச்சரிசியைவிடவும் பொருந்தாது.

ஆங்கிலத்தில் இவ்வரிசிக்கு வழங்கும் ‘குளூட்டினஸ்’ என்னும் அடைமொழி, பசை எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் எந்த அரிசியிலும் இல்லை. ஆயினும் உறைமீதுள்ள சொல்லைக் கண்டு, குளூட்டன் ஒவ்வாதோர் இதனை விலக்குவதும், தமிழாக்கங்களில் ‘குளூட்டன் அரிசி’ என எழுதப்படுவதும் நேர்கின்றன. ‘பசையரிசி’ அல்லது ‘ஒட்டரிசி’ என்பது இக்குழப்பத்திற்கு இடமளிக்காது. இவ்விரண்டில் ‘பசையரிசி’ மாவு நிலைக்கும் பொருந்துவதால் இங்கு அதுவே ஆளப்படுகிறது. ‘ஒட்டு’ என்பது தோட்டக்கலையில் ஒட்டுச்செடியையும் நினைவூட்டும்.

தொதல் காட்டும் சான்று

பசையரிசி இல்லாத நிலத்தில் இழுவையை எவ்வாறு பெறுவது? இவ்வினாவுக்குத் தமிழ்க் கடற்கரை முன்னரே விடை கண்டுள்ளது. இராமநாதபுரம் மாவட்டக் கீழக்கரையின் தொதல், அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி ஆகியவற்றை அடிகனத்த பாத்திரத்தில் எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்கில் கிண்டிச் செய்யப்படுவது. இதன் பெயர் மலாய்–ஜாவா வழக்கின் ‘டோடோல்’. இந்தோனேசியாவில் டோடோல் பசையரிசி மாவில் செய்யப்படுகிறது. இலங்கையின் ‘களு தொதொல்’ சாதாரண அரிசிமாவும் கித்துள் வெல்லமும் கொண்டு ஆவது.

இங்கு நிகழ்ந்தது கூர்ந்து நோக்கத்தக்கது. பெயர் கடல் கடந்தது. தேங்காய்ப்பாலும் கூடவே வந்தது. அரிசி மட்டும் வரவில்லை. அரிசி தராத இழுவையைப் பாகும் உழைப்பும் ஈடுசெய்தன. வெல்லத்தின் செறிவு மிகும்போது அது நீரைத் தன்பால் பிடித்துக்கொள்வதால் மாப்பொருள் அடுக்காகி இறுகுவது தடைப்படுகிறது. தேங்காயெண்ணெய் இடையே படர்ந்து துண்டைப் பிரியாமல் நெகிழச் செய்கிறது. இடைவிடாத கிண்டல் மணிகளை உடைத்துக் களியாக்குகிறது. அமைலோஸ் மிகுந்த அரிசியிலிருந்து இழுவையைப் பெறும் வழி இதுவே. ஓவனில் அசையாது வைக்கும் முறையில் கிண்டலுக்கு இடமில்லை. ஆகவே ஓவன் முறைக்குப் பசையரிசி கட்டாயம். பச்சரிசி மட்டுமே இருப்பின் கிண்டும் முறையே முறை. இரண்டையும் கலந்து ‘பச்சரிசி மாவை ஓவனில்’ என்பது இரு மரபுக்கும் வெளியே நிற்பது.

செட்டிநாட்டுக் கவுனியரிசி இங்கு ஒரு விலக்காக நிற்கிறது. பர்மிய வணிகத் தொடர்பால் வந்ததாகக் கருதப்படும் இக்கருநிற அரிசி, வெந்தால் ஒட்டும் இயல்பினால் விருந்து இனிப்பாகியது. தமிழரின் சமையற்கட்டில் பசையரிசி முற்றிலும் அயலானதன்று என்பதற்கு இது சான்று. ஆயின் நாம் அதை நிறத்தால் பெயரிட்டோமே அன்றி ஒட்டுந்தன்மையால் அன்று. பகுப்புமுறையின் பிடி அத்தகையது.

மேலும் கீழும் அனல்

‘பேக்கிங்’ என்பதற்குத் தமிழ்நாட்டில் நிலைத்த வினைச்சொல் இல்லை. ‘அடுமனை’ என்பது இடத்தைக் குறிக்கும். அடுதல் என்பதோ சமைத்தல் என்னும் பொதுப்பொருளது. ஈழத்தமிழில் ‘வெதுப்பகம்’, ‘வெதுப்புதல்’ ஆகிய சொற்கள் வழக்கில் உள்ளன. அடுமனை அடுப்பிற்குப் ‘போறணை’ என்னும் சொல்லும் அங்குண்டு. தமிழ்நாட்டு வழக்கில் ‘சுடுதல்’ இவ்விடத்தை நிரப்புகிறது. ஆயினும் தோசையைக் கல்லில் சுடுகிறோம், வடையை எண்ணெயில் சுடுகிறோம், கிழங்கை நெருப்பில் சுடுகிறோம், செங்கல்லைச் சூளையில் சுடுகிறோம். இத்துணை அகன்ற சொல் செய்முறைக் குறிப்புக்கு உதவாது. ஆகவே ஈழவழக்கின் ‘வெதுப்புதல்’ ஏற்கத்தக்கது.

வினை நமக்குப் புதிதன்று. பிரியாணிக்குத் தம் போடும்போது பாத்திரத்தின் அடியிலும் மூடியின் மேலும் தணல் இடுவது வெதுப்புதலே. பிலிப்பைன்ஸின் ‘பிபிங்கா’ இதே முறையில் வாழையிலை விரித்த மண்கலத்தில், மேலும் கீழும் கனலிட்டு, அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கொண்டு செய்யப்படுவது. கிறித்துமசுக்கு முந்தைய விடியற்காலைத் திருப்பலிகளை ஒட்டி உண்ணப்படுவது. கோவாவின் ‘பெபிங்கா’, இலங்கையின் ‘பிபிக்கன்’ ஆகிய பெயர்களுடன் இதற்குள்ள உறவு இன்னும் விவாதத்திற்குரியது.

இவ்வழித்தடத்திற்கு மிக அண்மையான சான்று ஒடியர்களுடையது. ஆனி மாதப் பிறப்பை ஒட்டிய ‘ரஜ’ விழாவில் நிலமகள் பூப்பெய்தி ஓய்வதாகக் கருதி ஒடிசாவில் மூன்று நாள் உழவு நிறுத்துவர், மகளிர் ஊஞ்சலாடுவர். அவ்விழாவின் தலையாய பண்டம் ‘பொடா பிட்டா’. பொடா என்றால் சுட்டது, கருகியது. ஊறவைத்து அரைத்த பச்சரிசி, உளுந்து, வெல்லம், தேங்காய்த் துருவலும் கீற்றும் சேர்த்து, இலையில் பொதிந்து, அவிந்த அடுப்பின் தணலில் இரவு முழுவதும் விட்டுவைப்பது மரபுமுறை. பூரியில் தேர்த்திருவிழாவின் திரும்புபயணத்தின்போது மவுசிமா கோயிலில் செகந்நாதருக்குப் படைக்கப்படுவதும் இதுவே. (பிட்டா, பிட்டு ஆகியவற்றின் ஒலியொப்புமையை மட்டும் கொண்டு உறவு கூறுதல் அவசரமாகும்.)

பொடா பிட்டாவில் பசையரிசி இல்லை, ஆயினும் உதிர்வதில்லை. உளுந்தின் கொழகொழப்பு மாவைப் பிணைக்கிறது; வெல்லமும் நெடுநேர இளஞ்சூடும் ஈரத்தைக் காக்கின்றன. அதன் மெல்லும் தன்மை இழுவையன்று, அடர்த்தி. எனவே உளுந்து நிகழ்த்தும் பிணைப்பு, பாகு நிகழ்த்தும் நெகிழ்வு, அரிசியே தரும் இழுவை என மூன்று வழிகள் இப்பகுதியில் வாழும் மக்களின் சமையலறைகளிலேயே கிடைக்கின்றன.

தொண்டைநாட்டுக்கே உரிய பழஞ்சான்று ஒன்றையும் இங்குச் சுட்டலாம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், நீரில் உதிர்ந்து கிடக்கும் மலர்களுக்குக் கூவியர் கரிய அகலில் பாகு சேர்த்துச் செய்து பாலில் இட்ட வட்டமான அப்பத்தை உவமையாக்குகிறார். அப்ப வணிகராகிய கூவியர் மதுரைக்காஞ்சியிலும் இடம்பெறுவர். மாவும் பாகும் பாலும் கூடிய பண்டம் ஆற்றுப்படையில் வழிநடைக் காட்சிக்கு உவமையாகும் அளவுக்குப் பழகியிருந்தது என்பதே இதனால் பெறப்படுவது. அது வெதுப்பப்பட்டதா என்பதைப் பாடல்வழித் துணிய இயலாது.

மாவைச் சோதித்தறிதல்

கொரிய மளிகைப் பொருள் விற்கும் கடைகளில் சப்சல் மாவு உறையிட்டுக் கிடைக்கும். வடகிழக்கு மாநிலத்தார் ஊரிலிருந்து கொணரும் போரா அரிசியும் பொருந்தும். உறையின் எழுத்து படிக்க இயலாதபோதும், கவுனி என்னும் பெயரில் பலவகைக் கருப்பரிசிகள் விற்கப்படும்போதும், பெயரை நம்பாது சோதிப்பதே முறை. அரைத் தேக்கரண்டி மாவைக் கால் குவளை நீரில் கொதிக்கவைத்து நன்கு ஆறவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடின் கரைசலில் ஒரு துளி இடவேண்டும். அமைலோஸ் உள்ள மாவு கருநீலமாகும். பசையரிசி மாவு செம்பழுப்பாகும். கருப்பரிசியில் மேல்தோலின் நிறம் மயக்கும் ஆதலின், மணியைக் குறுக்கே வெட்டி வெள்ளை உட்பகுதியில் துளியை இடுதல் வேண்டும். சோதித்ததை உண்ணலாகாது. ஜவ்வரிசி மாவும் இழுவை தரும். ஆனால் அது மரவள்ளிக்கிழங்கின் மாப்பொருளாதலின் அயோடினில் நீலமே காட்டும். ‘அரிசி’ எனப் பெயர் கொண்டும் அரிசியல்லாத பொருள் அது.

செய்முறை

23 செ.மீ. அகலமும் 33 செ.மீ. நீளமும் 5 செ.மீ. ஆழமும் கொண்ட தட்டு, 24 துண்டுகளுக்குப் போதும். முட்டை உண்ணாதோரும் கூடும் பந்தியை முன்னிட்டு இங்கு முட்டை தவிர்க்கப்படுகிறது. உலர்ந்த பசையரிசி மாவு 450 கிராம், தேங்காயின் முதற்பால் 400 மி.லி., இரண்டாம் பால் 300 மி.லி., வெல்லம் 300 கிராம், நெய் 100 கிராம், தேங்காய்த் துருவல் 75 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி ஆகியன தேவை. அரிசியை ஊறவைத்து வடித்து வீட்டில் இடித்த ஈரமாவாயின் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரே இருக்கும். அப்போது மாவை 580 கிராம் அளவுக்கு எடுத்து, இரண்டாம் பாலில் 130 மி.லி. குறைக்க வேண்டும். மாவைக் குவளையால் அளக்காமல் நிறுத்து எடுப்பதன் தேவை இதனால் விளங்கும்.

வெல்லத்தை 100 மி.லி. நீரில் கரைத்து, மண் நீங்க வடிகட்டி, முற்றிலும் ஆறவிட வேண்டும். சூடான வெல்லக்கரைசல் தேங்காய்ப்பாலைத் திரியச் செய்யும். மாவுடன் பால்களையும் வெல்லக்கரைசலையும் உருக்கிய நெய்யையும் கட்டியின்றிக் கரைக்க வேண்டும். பசையரிசியில் குளூட்டன் இன்மையால் எவ்வளவு கலக்கினும் கேடில்லை. கோதுமை மாவுக் கேக்கிற்குக் கூறப்படும் எச்சரிக்கை இங்குப் பொருந்தாது.

இக்கரைசல் நீர்த்ததாக இருக்கும். அப்படியே ஊற்றினால், சூடு உட்புகுமுன் மாவு அடியில் படிந்து, கீழே கட்டியான அடுக்கும் மேலே நெகிழ்ந்த அடுக்குமாகப் பிரியக்கூடும். ஆப்பமாவில் சிறிதளவு கஞ்சி காய்ச்சிச் சேர்க்கும் வழக்கம் இங்கு உதவும்: கரைசலில் ஆறில் ஒரு பங்கை எடுத்துச் சிறுதீயில் கூழாகும்வரை கிளறி, ஆறியபின் மீண்டும் அதில் கலந்தால் மாவு மிதந்து நிற்கும். பேக்கிங் பவுடரையும் துருவலையும் ஊற்றுவதற்குச் சற்றுமுன் சேர்க்கவேண்டும். நெய் தடவி வாழையிலை விரித்த தட்டில் ஊற்றி, முன்னரே சூடேற்றிய ஓவனில் 175 பாகை செல்சியசில் 60 முதல் 70 நிமிடம் வெதுப்ப வேண்டும். ஓரம் தட்டைவிட்டு விலகி, மேற்புறம் ஆழ்ந்த பொன்னிறமானால் பதம். குச்சியில் பசை ஒட்டுவது இயல்பு. வெண்மையான பச்சை மாவு ஒட்டினால் மட்டுமே வேகவில்லை எனக் கொள்ளவேண்டும்.

தொழிலாளர் தங்கும் அறைகளில் ஓவன் இருப்பது அரிது. அடிகனத்த பெரிய பாத்திரத்தில் மணல் பரப்பித் தாங்கி வைத்து, அதன்மேல் சிறிய தட்டை ஏற்றி, மூடிச் சிறுதீயில் வைத்தும் இதைச் செய்யலாம். அப்போது மேற்புறம் சிவக்காது. ஆறியபின் துண்டாக்கித் தோசைக்கல்லில் நெய்விட்டு இருபுறமும் வாட்டினால் முறுகலும் கிட்டும். உண்மையில் இவ்வாறு வாட்டிய துண்டு, ஓவனில் நேரே எடுத்ததைவிடச் சுவையானது என்பது என் மதிப்பீடு.

வெட்டுவதற்குமுன் குறைந்தது இரண்டு மணிநேரம் ஆறவைத்தல் இன்றியமையாதது. சூட்டோடு வெட்டினால் கத்தியில் இழுபட்டு வடிவம் கெடும். வேகவில்லை என்னும் பொய்த்தோற்றமும் தரும். எண்ணெய் தடவிய கத்தியால் நேராக அழுத்தி வெட்ட வேண்டும்; அறுக்கலாகாது.

பந்திக்கு முன்னும் பின்னும்

இரண்டாம் ஷிப்டு முடிந்து கூடுவோருக்கும் காலை ஷிப்டுக்குச் செல்வோருக்கும் ஒரே தட்டு பயன்படவேண்டுமாயின், இவ்வினிப்பின் ஆயுளை அறிதல் தேவை. தேங்காய்ப்பாலும் ஈரமும் மிக்கதாதலின், இப்பகுதியின் கோடையில் வெளியில் வைத்தால் முதல்நாள் இரவு செய்தது மறுநாள் நண்பகல்வரை தாங்கும். அதற்கு மேல் வைக்கலாகாது. குளிர்ப்பெட்டியில் வைத்தால் கெடாது, ஆனால் இறுகும். குளிர்ச்சியில் அமைலோபெக்டினும் விரைந்து அடுக்காகிறது. இவ்விறுக்கம் நிலையானதன்று. ஆவியிலோ கல்லிலோ மீண்டும் சூடேற்றினால் அடுக்கு குலைந்து இழுவை திரும்பும். பச்சரிசிப் பண்டத்தின் இறுக்கம் இவ்வாறு எளிதில் நெகிழாது.

பன்மொழியினர் கூடும் விருந்தில் தட்டின் அருகே வைக்கும் சிறு அட்டையில் ‘அரிசி கேக்’ என எழுதுவது போதாது. கொரியர் அதனைக் கண்டு சப்சலா மெப்சலா எனக் கேட்பர். ஒடியர் உளுந்தை எதிர்பார்ப்பர். நோன்பிருப்போர் முட்டை குறித்து வினவுவர். கோதுமை ஒவ்வாதோர் தயங்குவர். ‘பசையரிசி மாவு, தேங்காய்ப்பால், வெல்லம், நெய், முட்டையும் கோதுமையும் இல்லை’ என்னும் ஒரு வரியை அதே மேசையில் கொரியத்திலும் ஒடியாவிலும் எழுதி வைக்க முடியும். கொரியத்தில் முதற்சொல்லுக்கு நேர்ச்சொல் உண்டு. ஒடியாவில் தமிழைப்போலவே விளக்கி எழுதவேண்டியிருக்கும்.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் தொகுக்கும் உணவியல் கலைச்சொற் பட்டியல்களில் அரிசி வகைகளின் கீழ்ப் பசையரிசி தனிப்பதிவாக இடம்பெறுவதும், அதன் விளக்கத்தில் குளூட்டன் இன்மை குறிக்கப்படுவதும், கவுனி, போரா, சக்காவ், சப்சல், மொச்சி ஆகியன அதன்கீழ் இனமாகச் சேர்க்கப்படுவதும் உடனடியாகச் செய்யக்கூடிய பணிகள்.